நூலா, சுயசரிதையா, கடிதங்களா? சிந்தனையாளரிடம் வாழ்க்கைப் பாடம் கற்க எதை முதலில் எடுப்பது

ஒரு சிந்தனையாளரிடம் வாழ்க்கைப் பாடம் கற்க விரும்புகிறவர்கள், யாரைப் படிப்பது என்று நெடுநேரம் யோசிக்கிறார்கள். எந்த வழியாகப் படிப்பது என்று பெரும்பாலும் யோசிப்பதில்லை. காந்தியா டால்ஸ்டாயா, செனெகாவா ஸ்பினோசாவா என்ற தேர்வு முக்கியமானதுதான். ஆனால் அதே காந்தியைப் பொன்மொழித் தொகுப்பின் வழியாகவும், அவரே எழுதிய சுயசரிதையின் வழியாகவும், பிறர் எழுதிய வரலாற்றின் வழியாகவும், அவர் அன்றாடம் எழுதிய கடிதங்களின் வழியாகவும் அணுகலாம். இந்த நான்கு வழிகளில் செல்கிறவர்கள் ஏறக்குறைய நான்கு வெவ்வேறு மனிதர்களைச் சந்தித்துவிட்டுத் திரும்புகிறார்கள். வாசிப்புக்கென்று ஒதுக்க முடிகிற நேரம் எல்லோருக்கும் குறைவு என்பதால், இந்த வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்து, எதை முதலில் எடுப்பது, எதைப் பின்னுக்குத் தள்ளுவது என்று தீர்மானித்துக்கொள்வது நல்லது.

ஒப்பிடுவதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். நடை எளிதா, பக்கங்கள் எத்தனை, நல்ல மொழிபெயர்ப்பு கிடைக்கிறதா என்பவையெல்லாம் கவனிக்க வேண்டியவையே என்றாலும், எல்லாவற்றுக்கும் முன்னால் நான் வைக்கும் கேள்வி ஒன்று உண்டு: அந்த எழுத்து, முடிவு தெரிந்த பிறகு எழுதப்பட்டதா, முடிவு தெரியாதபோதே எழுதப்பட்டதா? நாம் எல்லோரும் விளைவு தெரியாமல்தான் வாழ்கிறோம். ஒரு பதவியை ஏற்பதா விடுவதா, திருமணம் செய்துகொள்வதா தள்ளிப்போடுவதா, நெடுநாள் நண்பருடன் முரண்படுவதா ஒத்துப்போவதா என்று தீர்மானிக்கும் நாளில், பத்து ஆண்டுகள் கழித்து என்ன ஆகும் என்பது யாருக்கும் தெரிவதில்லை. அதே நிலையில் நின்ற ஒருவர் அந்த நேரத்திலேயே எழுதிவைத்த பக்கம், எல்லாம் நல்லபடியாக முடிந்த பிறகு அவர் அமைதியாக உட்கார்ந்து எழுதிய பக்கத்தைவிட நமக்கு நெருக்கமானது. இந்த அளவுகோலை மனத்தில் வைத்துக்கொண்டே ஒவ்வொரு வழியையும் பார்க்கிறேன்.

பொன்மொழித் தொகுப்புகளையும் சுருக்க நூல்களையும் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விரைவாகப் படிக்கலாம், எளிதில் நினைவில் நிற்கும். அவற்றின் நன்மை அத்துடன் முடிந்துவிடுகிறது. அந்த வாசகம் உண்மையில் அவர் சொன்னதுதானா என்ற சந்தேகம் எப்போதும் கூடவே இருக்கும். ‘உலகில் நீ காண விரும்பும் மாற்றமாக நீயே இரு’ என்பது காந்தியின் பெயரில் எங்கும் பரவியிருக்கிறது. அவருடைய எழுத்துகளில் அந்த வாசகம் அப்படியே காணப்படுவதில்லை. நம்மை நாம் மாற்றிக்கொண்டால் உலகின் போக்கும் மாறும் என்ற கருத்தை அவர் 1913இல் எழுதியிருக்கிறார். மற்றதெல்லாம் பிறர் கைபட்டுச் சுருங்கியது. ‘உன் கருத்தை நான் ஏற்கவில்லை, ஆனால் அதைச் சொல்லும் உன் உரிமையை உயிர் உள்ளவரை காப்பேன்’ என்பதை வோல்டேரின் வாக்காகவே பலரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அது, வோல்டேரின் மனப்போக்கை விளக்குவதற்காக ஈவ்லின் பீட்ரிஸ் ஹால் என்ற ஆங்கில எழுத்தாளர் 1906இல் தம் சொற்களில் எழுதியது.

வாசகம் உண்மையானதாக இருக்கும்போதும் தனியாகப் பிய்த்தெடுத்தால் பொருள் குன்றும். ‘ஊழிற் பெருவலி யாவுள’ என்ற குறளை மட்டும் கையில் எடுத்தவர், விதியை மீற வழியில்லை என்று வள்ளுவர் சொல்வதாக நினைத்துக்கொள்ளலாம்; ‘ஊழையும் உப்பக்கம் காண்பர்’ என்பதை மட்டும் எடுத்தவர், முயற்சிக்கு முன்னால் விதி ஒன்றுமே இல்லை என்று சொல்லலாம். முதலாவது 380ஆம் குறள், இரண்டாவது 620ஆம் குறள். ஊழ் என்ற அதிகாரத்தையும் ஆள்வினையுடைமை என்ற அதிகாரத்தையும் சேர்த்துப் படிக்கிறவருக்குத்தான், இவ்விரண்டையும் ஒரே நூலில் வைத்தவர் எதைக் கண்டு வைத்தார் என்ற கேள்வியே எழும். அந்தக் கேள்வியோடு சில நாட்கள் இருப்பதுதான் கல்வி என்று நான் கருதுகிறேன். எந்தத் தொகுப்பும் அதைத் தராது.

ஆகவே சிந்தனையாளரின் முதன்மை நூலையே நேராக எடுத்துவிடலாமே என்று தோன்றும். இது மதிப்புக்குரிய வழி. ஆனால் இதில் கிடைப்பது பெரும்பாலும் வேறொரு பயன். பதினேழாம் நூற்றாண்டு டச்சுத் தத்துவஞானி ஸ்பினோசாவின் ‘அறவியல்’ வடிவியல் நூலைப் போல வரையறைகள், மெய்கோள்கள், தேற்றங்கள், நிரூபணங்கள் என்று ஐந்து பகுதிகளாகச் செல்வது. அதை முழுவதும் படித்து முடித்தவர், கோபம், அச்சம், பொறாமை ஆகியவற்றைப் பார்க்கும் விதமே மாறிவிடக்கூடும். ஆனால் நாளைக் காலை ஒரு முடிவு எடுக்க வேண்டியவருக்கு அது உடனடியாக உதவாது. அதற்காக எழுதப்பட்டதும் இல்லை. முதன்மை நூல்கள் நம் கேள்விகளுக்கு விடை சொல்வதைக் காட்டிலும் கேள்விகளையே மாற்றிவிடுகின்றன. நிதானமாக ஓராண்டைச் செலவிடக்கூடியவருக்கு இது பெரிய செல்வம். அவ்வளவு பொறுமை இப்போது இல்லை என்பவர் இந்த வழியில் தொடங்கினால் முப்பதாம் பக்கத்தில் நின்றுவிடுவார். நின்றதற்காகத் தம்மையே நொந்துகொள்வார். அந்த நோவு தேவையில்லாதது.

இதற்கு ஒரு விலக்கு, மோந்தேன் என்ற பிரெஞ்சுக் கட்டுரையாளர். 1571இல் பதவியிலிருந்து விலகித் தம் வீட்டு நூலகத்தில் அமர்ந்து எழுதத் தொடங்கிய அவர், 1580இல் தம் கட்டுரைகளை முதலில் வெளியிட்ட பிறகும் அவற்றை முடிந்தவையாகக் கருதாமல், அச்சான பிரதியின் ஓரங்களிலேயே இறக்கும்வரை சேர்த்துக்கொண்டே இருந்தார். தம் நண்பர் லா போயெஸி மீது ஏன் அவ்வளவு அன்பு என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை என்று முதலில் எழுதியவர், பல ஆண்டுகள் கழித்து ஓரத்தில் ‘அவர் அவராக இருந்ததால்’ என்றும், பின்னர் வேறு மையில் ‘நான் நானாக இருந்ததால்’ என்றும் சேர்த்திருக்கிறார். நண்பர் இறந்தது 1563இல். ஒரு வாக்கியத்தை முடிக்க அவ்வளவு காலம் எடுத்துக்கொண்ட மனிதரிடம், நட்பைப் பற்றி ஒரு தத்துவ நூல் சொல்லாததைக் கற்கலாம். இவருடைய கட்டுரைகள் முதன்மை நூலாகவும் நாட்குறிப்பாகவும் ஒரே நேரத்தில் இருப்பதால், எந்தப் பிரிவில் வைப்பது என்று தெரியாமல் இங்கேயே வைத்திருக்கிறேன்.

சுயசரிதைதான் பெரும்பாலோர் முதலில் எடுக்கும் வழி. வாழ்ந்தவரே சொல்கிறார், அதுவும் கதையாகச் சொல்கிறார் என்பது பெரிய ஈர்ப்பு. நல்ல சுயசரிதைகளின் பலம், எழுதியவர் தாம் சிறுத்துப்போன இடத்தை மறைக்காமல் வைத்திருப்பதில் இருக்கிறது. உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ இதற்கு நல்ல சான்று. கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராகச் சேர்ந்த அதே 1880ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள், ஊருக்கு மாற்றலாகி வந்திருந்த முன்சீப் சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்கப்பட்டதும், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவராயிற்றே, அந்தாதிகள், கலம்பகங்கள், பிள்ளைத்தமிழ்கள் என்று அடுக்குகிறார். இவற்றையெல்லாம் படித்து என்ன பயன் என்று முதலியார் கேட்டுவிடுகிறார். பிறகு சீவக சிந்தாமணி, மணிமேகலை போன்ற பழைய நூல்களின் பெயர்களைச் சொல்லி, அவற்றைப் படித்ததுண்டா என்கிறார். படித்ததில்லை. பாராட்டை எதிர்பார்த்துப் போனவர் வெறுங்கையோடு நின்ற அந்தச் சந்திப்பிலிருந்துதான், 1887இல் சிந்தாமணிப் பதிப்பில் முடிந்த உழைப்பு தொடங்குகிறது. படித்தவன் என்று பெயரெடுத்த ஒருவரிடம், நீ படிக்க வேண்டியதை இன்னும் படிக்கவில்லை என்று மற்றவர் சொல்லும்போது எப்படி நடந்துகொள்வது என்பதற்கு இதைவிட நேரான பாடத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

ஆனால் அவர் இதை எழுதியது அறுபது ஆண்டுகள் கழித்து, 1940இல் தொடங்கிய தொடரில். சிந்தாமணி வெளிவந்து, சங்க நூல்கள் பல வெளிவந்து, அந்தச் சந்திப்பு ஒரு திருப்புமுனை என்பது உறுதியாகிவிட்ட பிறகு எழுதியது. 1880ஆம் ஆண்டு அந்த வீட்டை விட்டு இறங்கி நடந்த இளைஞருக்கு அது திருப்புமுனை என்று தெரிந்திருக்காது. அவமானமாகவோ எரிச்சலாகவோ மட்டுமே இருந்திருக்கலாம். அறுபது ஆண்டுக்குப் பின் எழுதும் கை, எவ்வளவு நேர்மையான கையானாலும், சம்பவங்களை அவை போய்ச் சேர்ந்த இடத்தை நோக்கியே அடுக்கும். சுயசரிதை என்ற வடிவத்துக்கே உரிய குறை இது. இதனால்தான் பல சுயசரிதைகளில் வாழ்க்கை ஒரு நேர்கோடாகத் தெரிகிறது. நம் வாழ்க்கை அப்படி இல்லையே என்று வாசகர் சோர்ந்துபோகிறார்.

அமெரிக்க அரசியல் தலைவர் பெஞ்சமின் ஃபிராங்க்ளினின் சுயசரிதையையும் இங்கே பார்க்க வேண்டும், ஏனென்றால் வாழ்க்கைப் பாடம் என்றதும் பலரும் சுட்டிக்காட்டுவது அதைத்தான். பதின்மூன்று நற்பண்புகளைப் பட்டியலிட்டு, வாரத்துக்கு ஒன்றாகக் கவனம் செலுத்தி, தவறிய ஒவ்வொரு முறையும் ஒரு சிறு ஏட்டில் கரும்புள்ளி வைத்தார் என்பது புகழ்பெற்ற செய்தி. அதற்கு அடுத்து வரும் பகுதியை அவ்வளவாக யாரும் எடுத்துச் சொல்வதில்லை. பழைய புள்ளிகளைச் சுரண்டிச் சுரண்டி அழித்ததில் தாள் ஓட்டையாகிவிட, ஈரப் பஞ்சால் துடைத்துவிடக்கூடிய தந்த ஏடுகளுக்கு மாறினார். ஒழுங்கு என்ற பண்பு அவருக்குக் கடைசிவரை கைகூடவில்லை. பணிவைப் பொறுத்தவரை, உள்ளபடி பணிவு வந்ததாகப் பெருமைப்பட முடியாது, ஆனால் பணிவுடையவராகத் தோன்றுவதில் நன்றாகவே தேறினேன் என்று அவரே நகைச்சுவையாக ஒப்புக்கொள்கிறார். பட்டியலைவிட அந்த ஓட்டைத் தாளில்தான் பாடம் இருக்கிறது. இதே நூல் 1771இல், மகன் வில்லியமுக்கு எழுதும் கடிதமாகத் தொடங்குகிறது. அமெரிக்கப் புரட்சியில் மகன் பிரிட்டிஷ் அரசின் பக்கம் நிற்க, இருவருக்கும் இடையிலான உறவு முறிந்தது. 1784இல் நூலைத் தொடர்ந்தபோது அது மகனை நோக்கிய எழுத்தாக இல்லை. சுயசரிதையை மட்டும் படிப்பவருக்கு இந்த முறிவின் கதை கிடைக்காது. ஆங்கிலத் தத்துவஞானி ஜான் ஸ்டூவர்ட் மில்லின் சுயசரிதை 1873இல் அச்சாகி வந்தபோது அதில் தந்தை பக்கத்துக்குப் பக்கம் இருந்தார், தாயைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஒருவர் தம் வாழ்க்கையை எழுதும்போது எதை விட்டுவிடுகிறார் என்பதை அந்த நூலுக்குள் இருந்துகொண்டே கண்டுபிடிக்க முடியாது.

வாழ்க்கை முழுவதையும் வெற்றிக் கதையாக அடுக்காத சுயசரிதை எழுத்துகளும் உண்டு. அம்பேத்கர் தம் வாழ்க்கையிலிருந்து சில சம்பவங்களை மட்டும் எடுத்து எழுதிய குறிப்புகள் அந்த வகை. 1901இல், சிறுவனாகத் தந்தையைப் பார்க்கப் புறப்பட்டு, மசூர் ரயில் நிலையத்தில் சகோதரரோடும் மூத்த சகோதரியின் மகன்களோடும் காத்திருந்தது, எந்தச் சாதி என்று தெரிந்ததும் நிலைய அதிகாரியின் முகம் மாறியது, இரு மடங்கு வாடகை தருகிறோம், வண்டியையும் நாங்களே ஓட்டிக்கொள்கிறோம் என்ற பிறகே ஒரு வண்டிக்காரர் சம்மதித்தது ஆகியவற்றை அவர் விவரிக்கிறார். பின்னாளில் தாம் என்ன ஆனோம் என்பதைக் கொண்டு அந்தச் சிறுவனின் துயரத்துக்கு ஆறுதல் தேடவில்லை. எனவே என் அளவுகோலின்படி, நடந்து முடிந்து நெடுங்காலம் ஆன பின் எழுதியதாயினும், இது முடிவு தெரியாத எழுத்துக்குப் பக்கத்தில் வருகிறது.

அடுத்தது கடிதங்கள், நாட்குறிப்புகள், தமக்கென எழுதிக்கொண்ட குறிப்புகள். சுயசரிதையையும் இவற்றையும் நேருக்கு நேர் வைத்துப் பார்க்க டார்வினைவிடப் பொருத்தமானவர் கிடைப்பது அரிது. 1876இல் குடும்பத்தாருக்காக எழுதிய சுயசரிதையில், உயிரினத் தோற்றக் கொள்கையின் பெருமை தமக்குச் சேர்ந்ததா, அதே கொள்கையைத் தனியாகக் கண்டறிந்த வாலஸுக்குச் சேர்ந்ததா என்பதைத் தாம் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை என்ற பொருளில் அவர் எழுதுகிறார். படிக்கும்போது, பெரிய மனிதர்கள் இப்படித்தான் இருப்பார்கள் போலும் என்று தோன்றும். 1858 ஜூனில், வாலஸின் கட்டுரை கையில் வந்து சேர்ந்த நாட்களில் தம் நண்பரும் நிலவியலாளருமான லையலுக்கு எழுதிய கடிதங்களைத் திருப்பினால் வேறொருவர் தெரிகிறார். தம் கண்டுபிடிப்பின் புதுமை எல்லாம் நொறுங்கிப்போகும் என்று முதலில் புலம்புகிறார். இப்போது அவசரமாக வெளியிட்டால் அற்பமாக நடந்துகொண்டதாக யாரும் நினைத்துவிடக் கூடாது, அதற்குப் பதில் நூலையே எரித்துவிடுவேன் என்கிறார். நண்பர்களே முடிவு செய்யட்டும் என்று விட்டுவிடுகிறார். அந்த மாத இறுதியில் அவருடைய கைக்குழந்தை இறக்கிறது. சில நாட்களில், ஜூலை 1ஆம் நாள், இருவரின் எழுத்துகளும் இலண்டன் லின்னேயன் சங்கத்தில் ஒன்றாக வாசிக்கப்படுகின்றன. இருபது ஆண்டு உழைப்பு கைநழுவும் என்ற அச்சமும், நேர்மையாக நடக்க வேண்டும் என்ற தவிப்பும் ஒரே மனத்தில் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருப்பதைக் கடிதங்கள் காட்டுகின்றன. சுயசரிதையில் எஞ்சியிருப்பது அமைதி மட்டுமே. பொறாமையும் நியாயமும் கலந்து குழம்பி நிற்கும் ஒருவருக்கு இவற்றில் எது துணைவரும் என்று கேட்டால், நான் தயங்காமல் கடிதங்களைச் சொல்வேன்.

அதே டார்வின் 1838இல், திருமணம் செய்துகொள்வதா வேண்டாமா என்று ஒரு தாளில் இரு பக்கமாக எழுதிப் பார்த்தார். வேண்டாம் என்ற பக்கத்தில் விரும்பிய இடத்துக்குப் போகும் சுதந்திரம், உறவினர் வீடுகளுக்குப் போய்வரும் கட்டாயம் இல்லாமை, புத்தகங்களுக்குப் பணம் குறைதல், மாலையில் படிக்க முடியாமை போன்றவை. வேண்டும் என்ற பக்கத்தில் குழந்தைகள், முதுமையில் துணை, வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒருவர், எப்படியும் நாயைவிடச் சிறந்த துணை என்ற வரி. பிந்தைய வரியைப் படித்தால் இன்றைய வாசகர் முகம் சுளிப்பார், சுளிக்கத்தான் வேண்டும். கடைசியில் திருமணம் என்ற சொல்லையே மூன்று முறை எழுதி முடிக்கிறார். 1839 ஜனவரியில் எம்மாவுடன் திருமணம். முதுமையில் எழுதிய சுயசரிதையில் எம்மாவே தம் வாழ்வின் பெரும் பேறு என்று உருகுகிறார். உருக்கமும் உண்மை, அந்தத் தாளும் உண்மை. தன்னலமும் கூச்சமும் சிறுபிள்ளைத்தனமும் கலந்த ஒரு கணக்கிலிருந்து நல்ல வாழ்க்கை ஒன்று தொடங்க முடியும் என்பதை அந்தத் தாள் இல்லாமல் நாம் அறிந்திருக்க முடியாது.

ஸ்பினோசாவிடமும் இதே நிலைதான். 1673இல் ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தில் தத்துவப் பேராசிரியர் பதவி அவரைத் தேடி வந்தது. தத்துவம் பேசுவதற்கு முழு உரிமை உண்டு, நிலைபெற்ற மதத்தைக் குலைக்க அதைப் பயன்படுத்த மாட்டீர்கள் என்று நம்புகிறோம் என்று அழைப்பில் இருந்தது. கண்ணாடி வில்லைகள் தேய்த்து எளிமையாக வாழ்ந்துகொண்டிருந்தவர் சில வாரங்கள் யோசித்து, மறுத்து எழுதினார். இளைஞர்களுக்குக் கற்பிக்கத் தொடங்கினால் என் ஆய்வு நின்றுவிடும், அந்த உரிமைக்கு எல்லை எங்கே என்றும் எனக்குத் தெரியவில்லை என்பவை அவர் சொன்ன காரணங்கள். சுருக்கமான, மரியாதை குறையாத, யாரையும் புண்படுத்தாத கடிதம். நல்ல வாய்ப்பு ஒன்றை எப்படி மறுப்பது என்று கற்க விரும்புகிறவருக்கு, ‘அறவியல்’ முழுவதையும்விட இந்த ஒரு கடிதம் அருகில் நிற்கிறது.

தமக்கென எழுதிக்கொண்ட குறிப்புகளில் மார்கஸ் ஔரேலியஸுடையவை தலையானவை. 161 முதல் 180 வரை உரோமைப் பேரரசை ஆண்டவர், டான்யூப் எல்லையில் போர்ப் பாசறைகளில் இருந்த காலத்தில் எழுதியவை அவற்றுள் உண்டு. படிக்கிறவர்கள் அடிக்கடி சொல்லும் குறை, சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார் என்பது. உண்மைதான். சினம் கொள்ளாதே, புகழை நாடாதே, காலையில் படுக்கையை விட்டு எழுந்து உன் கடமையைச் செய் என்று அவர் தமக்கே பலமுறை சொல்லிக்கொள்கிறார். ஒரு முறை சொன்னது பலித்திருந்தால் மறுமுறை எழுதியிருக்க வேண்டியதில்லை. அந்த அலுப்பூட்டும் திரும்பக் கூறலே, அறிந்ததைக் கைக்கொள்வது எவ்வளவு கடினம் என்பதற்கு அவர் விட்டுச்சென்ற சான்று.

இந்த வழிக்கும் குறைகள் உண்டு. கடிதம் என்ற பெயர் இருப்பதெல்லாம் கடிதம் ஆகாது. உரோமைத் தத்துவஞானி செனெகா தம் நண்பர் லூசிலியஸுக்கு எழுதிய 124 கடிதங்கள் உலகம் படிக்கும் என்று தெரிந்தே எழுதப்பட்டவை, நடையில் கட்டுரைகளே. நாட்குறிப்பும் எப்போதும் தனிமையில் எழுதப்படுவதில்லை. டால்ஸ்டாயின் நாட்குறிப்பை மனைவி சோஃபியா படிப்பார், அவரும் தம் பங்குக்கு ஒரு நாட்குறிப்பு எழுதுவார். ஆகவே 1910இல் டால்ஸ்டாய் தமக்கு மட்டுமென்று இன்னொரு நாட்குறிப்பை மறைவாகத் தொடங்கினார். அதே ஆண்டு வீட்டை விட்டு வெளியேறி அஸ்டபோவா ரயில் நிலையத்தில் இறந்தார். இரண்டு நாட்குறிப்புகளையும் பக்கத்தில் வைத்துப் படித்தால், ஒரே நாளில் ஒரே வீட்டில் இருவர் வெவ்வேறு துயரங்களில் இருந்தது தெரியும். ஒன்றை மட்டும் படித்தால் நாம் ஒரு கட்சியைச் சேர்ந்துவிடுவோம். தவிர, கடிதங்களை மட்டும் கையில் எடுத்தவருக்கு யார் யார், என்ன சூழ்நிலை, முன்பு என்ன நடந்தது என்பவை விளங்காமல் தடுமாற்றம் ஏற்படும்.

பிறர் எழுதும் வாழ்க்கை வரலாறு தேவைப்படுவது அங்கேதான். முடிவு தெரிந்த பிறகு எழுதப்படும் வடிவம் என்பதால் என் அளவுகோலில் அது பின்தங்கினாலும், வேறு எதனாலும் தர முடியாத இரண்டை அது தருகிறது: பிறருடைய சாட்சியம், எழுதாமல் இருந்த காலத்தின் கதை. ஜெர்மன் தத்துவஞானி இம்மானுவேல் கான்ட் 1770இல் பேராசிரியரான பின் ஏறக்குறைய பத்தாண்டுகள் முக்கியமாக எதையும் வெளியிடவில்லை. 1781இல், 57ஆம் வயதில் ‘தூய அறிவின் விமரிசனம்’ வெளிவந்தது. அந்த மௌனத்தைக் கான்ட்டின் நூல்களில் படிக்க முடியாது, வரலாற்றாசிரியர்தான் காட்ட வேண்டும். உடன் இருந்தவர் எழுதியதா, பிற்கால ஆய்வாளர் எழுதியதா என்பது அடுத்த கேள்வி. ஆங்கில எழுத்தாளர் ஜான்சனின் வரலாற்றை எழுதிய அவர் நண்பர் பாஸ்வெல்லும் தம் ஆசிரியரின் வரலாற்றை எழுதிய உ.வே.சா.வும் குரலையும் முகத்தையும் தருகிறார்கள். பக்தி சற்றுக் கூடுதலாக இருக்கும் என்பதை ஏற்றுக்கொண்டு படிக்க வேண்டும். ஆய்வாளர் அந்தப் பக்தியைக் களைந்து தருவார், சில நேரம் ஆளையும் சேர்த்துக் களைந்துவிடுவார்.

வாழ்வும் எழுத்தும் முரண்பட்டால் என்ன செய்வது என்ற கேள்வி இந்த ஒப்பீட்டுக்குள்ளேயே இருக்கிறது, ஏனென்றால் கடிதங்களையும் வரலாற்றையும் எடுத்தவர் அந்த முரண்பாட்டை எப்படியும் சந்திப்பார். குழந்தை வளர்ப்பைப் பற்றி 1762இல் பெரிய நூல் எழுதிய ரூசோ, தமக்குப் பிறந்த ஐந்து குழந்தைகளையும் அனாதை இல்லத்தில் விட்டவர். எளிமையைப் போற்றிய செனெகா, உரோமைப் பேரரசன் நீரோவின் ஆசிரியராக இருந்து பெரும் செல்வம் சேர்த்ததற்காக அவர் காலத்திலேயே வசைபாடப்பட்டார். சொல்லியபடி செய்வது அரிது என்று சொன்ன அதே குறள் நூல்தான், யார் வாயிலிருந்து கேட்டாலும் மெய்ப்பொருளைக் காண் என்றும் சொல்கிறது. நான் இப்படிப் பிரித்துக்கொள்கிறேன்: ஒருவரின் கூற்று, அவருடைய வாழ்வைத் துணைக்கு அழைக்காமல் நம் அறிவாலேயே சோதிக்கக் கூடியதாக இருந்தால், அவர் எப்படி வாழ்ந்தார் என்பது அதைப் பாதிக்காது; நான் வாழ்ந்து பார்த்தேன், நீயும் வாழலாம் என்பது கூற்றின் அடிப்படையாக இருந்தால், வாழ்வைப் பார்த்தே தீர வேண்டும். செனெகா இதை உணர்ந்திருந்தார். நான் மருத்துவனாகப் பேசவில்லை, உன்னோடு ஒரே நோயறையில் படுத்திருக்கும் இன்னொரு நோயாளியாகப் பேசுகிறேன் என்று ஒரு கடிதத்தில் சொல்கிறார். அந்த ஒப்புதலுடன் படிக்கும்போது அவரிடம் எனக்குப் பெரிய மனத்தாங்கல் இல்லை. ரூசோவிடம் இருக்கிறது.

இனித் தீர்மானத்துக்கு வருவோம். குறிப்பிட்ட ஒரு முடிவின் முன்னால் நிற்கிறவர், பல சிந்தனையாளர்களைத் தேடி அலையாமல், அதே போன்ற முடிவின் முன் நின்ற ஒருவரைத் தேர்ந்து, அவருடைய கடிதங்களையோ நாட்குறிப்பையோ முதன்மையாக வைத்து, நம்பகமான ஒரு வாழ்க்கை வரலாற்றைப் பக்கத்துணையாக வைத்துக்கொள்வது நல்லது. சுயசரிதை இருந்தால் மூன்றாவதாகப் படிக்கலாம். அந்த வரிசையில் படித்தால், எதை மறந்தார், எதை மாற்றிச் சொன்னார் என்பதும் பாடமாகும். எந்த அவசரமும் இல்லாமல், சிந்திக்கும் முறையையே சீர்செய்துகொள்ள விரும்புகிறவருக்கு முதன்மை நூல்தான் சரி. ஓராண்டுக்கு ஒன்று போதும். மனம் சோர்ந்து எதிலும் பிடிப்பில்லாமல் இருப்பவருக்கு மட்டும் நான் சுயசரிதையை முதலில் தருவேன். மில்லுக்கு இருபது வயதில், 1826இல், நினைத்ததெல்லாம் நிறைவேறினாலும் மகிழ்ச்சி வராது என்று தோன்றி எல்லாம் வெறுமையான காலத்தில், அவரை முதலில் அசைத்தது எந்தத் தத்துவ நூலும் இல்லை. மார்மோன்தெல் என்ற பிரெஞ்சு எழுத்தாளர் தம் நினைவுக் குறிப்புகளில் தந்தையின் மரணத்தையும், சிறுவனாகிய தாம் இனிக் குடும்பத்துக்கு எல்லாமாக இருப்பேன் என்று உறுதிகொண்டதையும் சொல்லும் இடம். கண்ணீர் வந்தது, பாரம் குறைந்தது என்று மில் எழுதுகிறார். அத்தகைய நேரத்தில் கதைக்கு உள்ள வலிமை வாதத்துக்கு இல்லை.

சிலரிடம் இந்தத் தேர்வுக்கே இடமில்லை. சாக்ரடீஸ் எதையும் எழுதவில்லை. கிரேக்கத் தத்துவஞானி எபிக்டெட்டஸின் சொற்களை மாணவர் அர்ரியன் எழுதிவைத்தார். வள்ளுவரின் வாழ்வைப் பற்றி உறுதியாக எதுவும் தெரியாது, வாசுகியைப் பற்றிய கதைகளெல்லாம் பிற்காலச் செவிவழிச் செய்திகள். இவர்களிடம் நூலை நூலாக மட்டுமே படிக்க முடியும்; இல்லாத வாழ்க்கையைக் கற்பித்துக்கொண்டு அதிலிருந்து பாடம் எடுக்க வேண்டாம். சாக்ரடீஸ் விஷயத்தில் பிளேட்டோவையும் செனஃபோனையும் சேர்த்துப் படித்தால், ஒரே ஆசிரியரை இரு மாணவர்கள் எவ்வளவு வேறுபட்டுப் புரிந்துகொண்டார்கள் என்பதாவது தெரியும்.

எதைத் தேர்ந்தாலும் பதிப்பைப் பார்த்து வாங்க வேண்டும். டார்வினின் சுயசரிதை 1887இல் முதலில் வெளியானபோது, எம்மாவின் விருப்பப்படி மதம் குறித்த பகுதிகள் நீக்கப்பட்டிருந்தன. பேத்தி நோரா பார்லோ 1958இல்தான் முழு வடிவத்தை வெளியிட்டார். எழுபது ஆண்டுகளுக்கு மேல் வாசகர்கள் படித்தது குறைபட்ட டார்வினை. கடிதத் தொகுப்புகளில் இது இன்னும் அதிகம்; முன்னுரையில் ‘தேர்ந்தெடுத்த’, ‘சுருக்கிய’ என்ற சொற்கள் இருந்தால், தேர்ந்தெடுத்தவர் யார், எதை நீக்கினார், குடும்பத்தாரின் அனுமதிக்கு உட்பட்ட பதிப்பா என்பதை அந்த முன்னுரையிலேயே தேடிப் பார்த்துவிட்டு, விடை கிடைக்காவிட்டால் வேறு பதிப்பைத் தேடலாம்.